காப்புக் கட்டிய ஊரும் மலைக்குப் போனவர்களும்

சபையின் வருஷக் கூட்டத்தில் புதிய காரியதரிசி பேசினார். நன்றாகத்தான் பேசினார். "முன்னோர்கள் கஞ்சி ஊற்றினார்கள், நாம் உரிமை கேட்கிறோம்" என்று அவர் முடித்தபோது கொட்டகையே அதிரும்படி கைதட்டினார்கள். அந்த முன்னோர்களில் இன்னும் உயிரோடு இருப்பவன் நான் ஒருவன்தான். முன்வரிசையில் மாலை போட்டு உட்கார வைத்திருந்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. கூட்டம் கலைந்ததும் அவரைக் கூப்பிட்டு, "தம்பி, கஞ்சி ஊத்துனோம், வாஸ்தவம். அதோட நின்னோம்னு யாரு உங்களுக்குச் சொன்னது?" என்று கேட்டேன். அவர் பதறிப்போய், "அப்ப நீங்களே எழுதிக் கொடுங்க ஐயா, மலர்ல போடுறோம்" என்றார். சரி, எழுதுகிறேன். நாங்களும் உரிமை கேட்டவர்கள்தான். கேட்டு வாங்கியும் கொடுத்தோம்.

பெரியாற்று அணை வேலை மேலே மலைக்குள் நடந்துகொண்டிருந்த காலம் அது. அணைக்கு ஒரு கூட்டம் போகும். ஏலத்தோட்டத்துக்கும் காப்பித் தோட்டத்துக்கும் இன்னொரு கூட்டம் போகும். மழை தப்பிய வருஷமென்றால் கம்பம் பள்ளத்தாக்கில் தெருத் தெருவாக வீடுகள் பூட்டிக் கிடக்கும். பானை சட்டி, கோழி, கைப்பிள்ளை என்று தலையிலும் இடுப்பிலும் சுமந்துகொண்டு கூடலூரைத் தாண்டிக் கணவாய் ஏறுவார்கள். ஏறும்போது பாட்டும் கேலியுமாக ஏறுகிறவர்கள், இறங்கும்போது மலைக்காய்ச்சலில் பல் கிட்டித்து இறங்குவார்கள். நடக்க முடியாதவனைத் தோட்டத்துக் கங்காணி தனியாகவே அனுப்பிவிடுவான். பாதையில் விழுந்தவனுக்கு வாயில் தண்ணீர் விட ஆள் கிடையாது.

அதைப் பார்த்துப் பொறுக்காமல் போடி கடைத்தெரு வியாபாரிகள் சிலரும், எங்கள் பங்குக் கோயில் ஆட்கள் சிலரும் சேர்ந்து சகாய சபையைத் தொடங்கினார்கள். சபைக்கு முதல் சம்பள ஆள் நான். அப்பா உபதேசியார் என்பதால் எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். மாமன்மார் ஏலமலையில் இருந்ததால் மலையாளமும் கொஞ்சம் வரும். முதல் இரண்டு வருஷம் அடிவாரத்துக்கும் ஊர்களுக்கும் நடந்து நடந்து வேலை பழகினேன். அதை விவரித்தால் என் செருப்பின் கதையாகத்தான் இருக்கும், விட்டுவிடுகிறேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன். காய்ச்சல்காரன் துணையில்லாமல் மலை இறங்கக்கூடாது என்று ஒவ்வொரு கங்காணியிடமும் போய் மல்லுக்கு நின்று சம்மதம் வாங்கினோம். அதுவே பெரிய வேலை.

அப்போது சபையின் காரியதரிசி மாசிலாமணி ஐயா. போடியில் ஜவுளிக்கடை வைத்திருந்த பிராட்டஸ்டண்டுக்காரர். வெள்ளை வேட்டியில் ஒரு கறை பார்க்க முடியாது. ஆனால் காய்ச்சல்காரன் புழுதியில் கிடந்தால் அந்த வேட்டியோடே புழுதியில் உட்காருவார். நின்றுகொண்டு விசாரிக்க அவருக்குத் தெரியாது. நான் போய் ஒரு சங்கதியைச் சொன்னால், "அப்புறம்?" என்பார். சொன்னதும் மறுபடி, "அப்புறம்?" கடைசியில், "இதுல அந்த ஆளு சொன்னது எது, நீரு சேத்தது எது?" என்பார். எனக்கு வியர்த்துவிடும். என்ன நடந்தது என்று கண்ணால் பார்க்க வேண்டும், பட்டவன் வாயால் கேட்க வேண்டும், அவனுக்கு என்ன வேண்டும் என்று அவனையே கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அடுத்தவரிடம் போய்ப் பேசலாம். இதில் ஒன்று குறைந்தாலும் திரும்ப அனுப்பிவிடுவார், போடியிலிருந்து அடிவாரம் வரைக்கும் ஆனாலும் சரி. மனதுக்குள் நான் அவரைத் திட்டாத நாளில்லை. அவரைப் போல ஒரு மேலாளுக்குக் கீழே வேலை பார்த்தேன் என்பதைவிட எனக்கு வேறு பெருமையும் இல்லை.

இனி, அந்த விவகாரம். மலையை ஒட்டி ஓர் ஊர். பெயர் வேண்டாம், அந்த ஊர்ப் பிள்ளைகள் இன்றும் என்னைக் கண்டால் இளநீர் வெட்டித் தருகிறார்கள். அங்கே சித்திரையில் அம்மனுக்குத் திருவிழாச் சாட்டுவார்கள். காப்புக் கட்டிவிட்டால் அதை அவிழ்க்கிறவரைக்கும் ஊர்க்காரர் ராத்திரி எல்லைக்கு வெளியே தங்கக்கூடாது, வெளியாள் ராத்திரி ஊருக்குள் தங்கக்கூடாது. நம் பக்கத்தில் பல ஊர்களிலும் இருக்கிற கட்டுத்தான். ஆனால் மலைக்குப் போனவன் இந்தக் கட்டில் யார், ஊர்க்காரனா வெளியாளா என்று ஒருவரும் யோசித்ததில்லை. காப்புக்குப் பிறகு காய்ச்சலோடு இறங்கி வந்தவர்களை எல்லைக்கல்லிலேயே நிறுத்தினார்கள். வெயிலில் கிடந்தார்கள் பாவம். அதற்காகச் சபை கூடிப் பேசி, எல்லைக்கல்லுக்கு வெளியே நல்ல ஓலைக்கொட்டகை ஒன்று போட்டது. நாட்டாண்மை சந்தோஷமாக இடம் காட்டினார். எங்களுக்கும் தலைகால் புரியவில்லை.

கொட்டகை போட்ட இரண்டாம் வருஷம், காப்புக் கட்டி இரண்டு நாளில் சடையன் வந்து சேர்ந்தான். ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவன். கூட வந்தவர்கள் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து கல்லுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டுத் தங்கள் ஊரைப் பார்க்கப் போய்விட்டார்கள். நான் ஓடிப்போய், "வாப்பா, கொட்டகைக்குள்ள படு, பாய் விரிச்சிருக்கு" என்றேன். உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது, கண் இரண்டும் கோவைப்பழம். அந்த நிலையிலும் கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அங்கன வரமாட்டேண்ணே" என்றான்.

"ஏம்ப்பா, வெயில்ல கெடந்து சாகப் போறியா?"

"செத்தாலும் இங்கனயே சாகுறேன். போன வருசம் பெரியகருப்பன் அங்கன படுத்தான். இப்ப அவனுக்கு ஊர் இருக்கா? கேட்டுப் பாருங்க."

போய்க் கேட்டேன். அவன் சொன்னது அப்பட்டமான உண்மை. பெரியகருப்பன் குணமாகி வந்து தன் வீட்டுமனையைக் கேட்டபோது, "வெளியாளுக தங்குற கொட்டகையில படுத்தவன்தானே நீ? உனக்கேது இங்கன மனை?" என்று சொல்லிவிட்டார்கள். மனையும் போய், குளத்தில் தண்ணீர் முறையும் போய், அவன் பெண்டாட்டி ஊரில் போய் ஒண்டிக்கொண்டிருந்தான். நாங்கள் நிழலுக்கென்று போட்ட கொட்டகை, படுத்தவனை ஊரைவிட்டே தள்ளிக்கொண்டிருந்தது. அன்றே போடிக்கு ஆள் அனுப்பினேன்.

சடையன் பெண்டாட்டி கருப்பாயி ஊருக்குள் இருந்தாள். அந்த வருஷம் மாமனாருக்கு முடியவில்லையென்று மலைக்குப் போகாமல் தங்கிவிட்டவள். பகலெல்லாம் கஞ்சியும் ஈரத்துணியுமாகக் கல்லருகே உட்கார்ந்திருப்பாள். பொழுது இறங்கினால் அவள் எல்லைக்குள் போயாக வேண்டும். போனால் அவனுக்கு ராத்திரி யார்? அவன் கொட்டகைக்குள் வரமாட்டான், என்னைத் தொடவும் விடமாட்டான், தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுவிடுவேனோ என்று பயம். முதல் நாள் அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போன போக்கு இருக்கிறதே, கல்லும் கரையும். மறுநாள் மத்தியானம் மேற்கே மலைமேல் கறுத்துக்கொண்டு வந்தது. கோடை மழையில் இந்தக் காய்ச்சல்காரன் நனைந்தால் அத்தோடு முடிந்தது.

அந்த நேரத்தில்தான் ஐயாவின் வண்டி வந்தது. இறங்கியதும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேரே போய்ச் சடையன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார்.

"உனக்கு என்னப்பா வேணும்?"

"என் வீட்டுல படுக்கணும் சாமி."

"அப்புறம்?"

"நான் இந்த ஊர்க்காரன்னு அவுக சொல்லணும். அம்புட்டுத்தான்."

ஐயா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "கேட்டீரா சவரிமுத்து? கொட்டகை வேணும்னு எங்கயாச்சும் சொல்றானா? போன வருசமே யாராச்சும் கேட்டோமா?" கொட்டகை போடலாம் என்று கமிட்டியில் முதலில் கை தூக்கியவரே அவர்தான். அதையும் அவரே சொல்லிவிட்டு, "போய் நாட்டாண்மையைப் பாரும். சண்டை போடாதேயும்" என்று அனுப்பினார்.

சண்டை போடாமல் இருப்பது எனக்குப் பிறவியிலேயே வராத காரியம். என்ன பேசுவது என்று முணுமுணுத்துக்கொண்டு வயல் வழியாகக் குறுக்கே நடந்தேன். எல்லைக்கு வெளியே ஒரு தரிசில் ஆட்டுக்கிடை போட்டிருந்தது. இரண்டு பேர் அடுப்பு மூட்டிக் களி கிண்டிக்கொண்டிருந்தார்கள். நாட்டாண்மையின் தம்பி கிடை அது, தெரியும். எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது.

"ஏம்ப்பா, காப்புக் கட்டியிருக்கே, நீங்க ராத்திரி எங்கன படுக்குறீக?"

"எங்கன படுக்க? ஆட்டோடதான்."

"ஊர்க்கட்டு உங்களுக்கு இல்லையா?"

அவர்களில் மூத்தவர் சிரித்துக்கொண்டே கிடையின் நடுவே நட்டிருந்த ஒரு கம்பைக் காட்டினார். மஞ்சள் கயிறு சுற்றி வேப்பங்குழை செருகியிருந்தது. "காப்பு அன்னைக்குப் பூசாரி குடுத்துவிடுவாக. இது நட்ட எடம் ஊருக்குள்ளேன்னு கணக்கு. ஆட்டை விட்டுட்டு வர முடியுமா, சொல்லுங்க?"

என் வாயெல்லாம் பல். கிடைக்காரனை ஊருக்குள் வைத்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறதென்றால், மலைக்காரனுக்கு மட்டும் ஏன் இல்லை? நாட்டாண்மை வீட்டுக்குப் போகாமல் கல்லுக்கே திரும்பி ஓடினேன். மூச்சு வாங்க ஐயாவிடம் சொன்னேன். இதை வைத்து நாட்டாண்மையை மடக்கிவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

"நீரு மடக்கினா என்ன ஆகும் தெரியுமா?" என்றார் ஐயா. "வேதக்காரன் வந்து நம்ம அம்மன் கட்டைப் பேசுறான்னு ஆகும். சடையன் விசயம் போயிரும், சாமி விசயம் வந்துரும். நானும் பேசக்கூடாது, நீரும் பேசக்கூடாது." பிறகு கருப்பாயியைப் பார்த்து, "தாயி, நீ பேசுவியா?" என்று கேட்டார்.

அவள் புருஷன் நெற்றியில் இருந்த துணியை எடுத்து நனைத்து மறுபடி போட்டாள். "நான் பேசாம வேற யாரு பேசுறது?" என்றாள்.

கோயில் முன்னால் ஊர் கூடியது. நானும் ஐயாவும் கோயில் வாசலுக்கு வெளியே, புங்கமரத்தடியில் நின்றோம். நாட்டாண்மை மோசமான மனிதர் என்று யாரும் நினைக்கவேண்டாம். அதற்கு முந்தின வருஷம் அந்த ஊரில் வாந்திபேதி வந்து அவர் வீட்டிலேயே ஒரு சாவு. காய்ச்சல் என்றாலே அவருக்கு நடுங்கும். "கொட்டகை இருக்குல்ல தாயி? சபைக்காரக பாயெல்லாம் விரிச்சுத் தாராக. அங்கன படுத்தா என்ன?" என்று தன்மையாகத்தான் கேட்டார்.

கருப்பாயி தன்மையாகப் பேசவில்லை. "படுத்தா அவுக வெளியாளு. பெரியகருப்பன் அண்ணனுக்கு அப்பிடித்தானே சொன்னீக? எங்க வீட்டுக்காரரு பொறந்தது இங்கன, வளந்தது இங்கன. மழை பெய்யலை, மலைக்குப் போனாக. நம்ம ஊருல சோறு இருந்தா யாரு போறா?"

"கட்டுன்னு ஒண்ணு இருக்குல்ல தாயி. காப்பு அன்னைக்கு அவன் ஊர்ல இல்லையே."

"உங்க தம்பி கிடையில கெடக்குற ஆளுக மட்டும் ஊர்லயா இருந்தாக?"

யாரோ ஒரு கிழவர், "ஏலே, பொம்பளை கேக்குறது ஞாயந்தானே" என்று பின்னாலிருந்து சொன்னார்.

"அவுகளுக்குக் கம்பு குடுத்துருக்கு" என்றார் நாட்டாண்மை. குரல் இறங்கிவிட்டது.

"அதைத்தான் கேக்குறேன். ஆட்டுக்குப் பின்னாடி போனவுகளுக்குக் கம்பு குடுத்தீக. மலைக்குப் போனவுகளுக்கு ஏன் குடுக்கலை? நீங்க குடுக்க மறந்தது என் புருசன் குத்தமா? ஆத்தா முன்னாடி சொல்லுங்க."

மரத்தடியில் எனக்குக் கைகால் பரபரத்தது. ஐயா என் தோளில் கையை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார். நாட்டாண்மை பூசாரியைப் பார்த்தார். பூசாரி அம்மனைப் பார்த்தார். மழைக்காற்று வந்து விளக்கை அணைக்கப் பார்த்தது. பூசாரி உள்ளே போனார். வரும்போது கையில் ஒரு மூங்கில் கம்பு, மஞ்சள் கயிறு, வேப்பங்குழை. கம்பு சுற்றி முடிந்ததும் நாட்டாண்மை அதைத் தானே வாங்கிக்கொண்டு எல்லையைப் பார்க்க நடந்தார். ஊரே பின்னால் நடந்தது.

சடையன் வீட்டுக்குள் அவனைக் கொண்டுபோகவில்லை. வாந்திபேதிப் பயம் ஊருக்கு விடவில்லை. நாட்டாண்மை எல்லைக்கல்லைத் தாண்டினார், எங்கள் கொட்டகை வாசலுக்குப் போனார், அங்கே கம்பை ஓங்கி நட்டார். "இனிமே இது ஊருக்குள்ள. வெளியாளு கொட்டகைன்னு எவனும் சொல்லக் கூடாது. கருப்பாயி, நீ ராத்திரி உன் புருசன்கூட இருந்து பாத்துக்க" என்றார். அப்புறம் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, "பெரியகருப்பனை வரச் சொல்லுங்கடா" என்றார். அதை நாங்கள் கேட்கவே இல்லை. அவராகச் சொன்னார்.

சடையன் கல்லை விட்டான். நானும் கிடைக்காரர் ஒருவரும் அவனைத் தூக்கி உள்ளே படுக்க வைத்தோம். பாயில் முதுகு பட்டதும் அவன் கருப்பாயியைப் பார்த்து, "உள்ளேதானே இருக்கேன்?" என்றான். "உள்ளேதான் படுத்திருக்கீக, கண்ணை மூடுங்க" என்றாள் அவள். அதற்குப் பிறகுதான் மழை கொட்டியது. நான் வெளியே போய் நனைந்துகொண்டே அழுதேன். சந்தோஷத்தில் ஆம்பளை அழக்கூடாதென்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? அவன் பிழைத்தான். காப்பு அவிழ்ப்பதற்குள் கஞ்சிக்கு ஊறுகாய் கேட்கிற அளவுக்குத் தேறிவிட்டான்.

அடுத்த வருஷம் காப்புக்கு முன்னாலேயே ஊர் ஆள் ஒருவர் கம்பை எடுத்துக்கொண்டு கணவாய் ஏறினார். வழிகாட்ட நானும் போனேன். தோட்டத்துக் கூலிகளின் குடியிருப்பான லயத்தில் அதை நட்டபோது அந்த ஊர்ப் பெண்கள் ஓடிவந்து சுற்றி நின்று குலவை போட்டார்கள். திரும்பி வந்ததும் எங்கள் பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டு விட்டார்.

"சவரி, அம்மன் கம்போடு மலை ஏறினாயாமே?"

"கம்பு அவுக எடுத்தாக சாமி. நான் சும்மா கூட நடந்தேன்."

அவர் சிரிப்பை அடக்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போ, போ" என்றார். செய்தி பரவிவிட்டது. தேவதானப்பட்டிப் பக்கமிருந்தும் கெங்குவார்பட்டிப் பக்கமிருந்தும் மலைக்கு ஆள் போகிற ஊர்க்காரர்கள் தேடிவந்து கேட்டுப் போனார்கள். சபை ஒவ்வோர் ஊருக்கும் போய் அந்த ஊரின் கட்டு என்ன, அதில் மலைக்குப் போனவனுக்கு எங்கே இடமிருக்கிறது என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்தது.

ஆனால் ஊர்க்கட்டு வேறு, சர்க்கார் கணக்கு வேறு. வருஷக்கணக்கில் ஆள் இல்லையென்றால் கர்ணம் அவன் மனையை ஊரைவிட்டுப் போனவன் மனை என்று எழுதிவிடுவார். ஐயா இதை ஜமாபந்திக்குக் கொண்டுபோனார். வருஷத்துக்கு ஒருமுறை துரை கூடாரம் போட்டு ஊர்க்கணக்குகளைப் பார்க்கிற இடம் அது. எல்லாரும் மனு எழுதலாம் என்றார்கள். "மனு காகிதக் கட்டுல கெடக்கும். ஆளு நின்னா பாத்துத்தான் ஆகணும்" என்றார் ஐயா. மலைக்குப் போய் வந்தவர்களையும், அந்தந்த ஊர் நாட்டாண்மைகளையும் சேர்த்தே கூட்டிவர வேண்டும் என்றார். நாட்டாண்மைகளைத் திரட்ட நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒருவர் வந்தால் இன்னொருவர் வரமாட்டேன் என்பார். இருந்தும் பெரியகுளத்தில் கூடாரத்துக்கு முன்னால் அத்தனை தலைப்பாகைகள் ஒன்றாக நின்றதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு விம்மியது.

சடையனைத்தான் முதலில் உள்ளே கூப்பிட்டார்கள். துரை தமிழ் பேசுவார், நிறுத்தி நிறுத்திப் பேசுவார். "உன் ஊர் எது?" என்றார். சடையன் ஊர்ப் பெயரைச் சொன்னான். பயத்தில் கூனிக் குறுகி, முனகலாகத்தான் சொன்னான். துரை கணக்கைப் பார்த்தார், கர்ணத்தைப் பார்த்தார், "இவன் மலையில் இருக்கிறவன் என்று இருக்கிறதே?" என்றார்.

நாட்டாண்மை ஓர் அடி முன்னால் வந்தார். "அவன் எங்கன வேலை பாத்தா என்னங்க, எங்க ஊர்க்காரன். நான் சொல்றேன்" என்றார். வெளியே நின்ற மற்ற நாட்டாண்மைகளும், "ஆமாங்க, எங்க ஊர்லயும் அப்பிடித்தாங்க" என்று கூடாரத்துத் துணி அசைய ஒரே குரலாகச் சொன்னார்கள். துரை எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு கர்ணத்திடம், வேலைக்கு மலை போய்த் திரும்புகிறவன் மனையை விட்டுப்போனவனாக எழுதக்கூடாது, எழுதியிருந்தால் திருத்து என்று உத்தரவு போட்டார்.

சடையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, இன்னும் கூனிக் குறுகியே நின்றான். நாட்டாண்மைக்குப் பொறுக்கவில்லை. துரை இருக்கிறார் என்றும் பார்க்காமல் ஓர் அதட்டல் போட்டார்.

"ஏலே சடையா, நிமிந்து நில்லுடா. நம்ம ஊரு மானம் போகுது."